குடல் ஒட்டுண்ணிகளும் அவற்றின் பல்பணிப் புரதங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் மாணவர்கள், மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள், மலப் பரிசோதனை அறிக்கையில் ‘ஜியார்டியா’ அல்லது ‘அமீபா’ என்ற ஒருசெல் குடல் ஒட்டுண்ணியின் பெயரைக் கண்டு மேலும் அறிய விரும்பும் பொது வாசகர்கள் ஆகியோருக்காக இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. சிகிச்சையை முடிவுசெய்ய இதைப் பயன்படுத்த வேண்டாம். அது மருத்துவர் செய்ய வேண்டிய பணி.

பல்பணிப் புரதம் என்று எதைக் குறிப்பிடுகிறோம்?

ஒரே மரபணுவிலிருந்து உருவாகி, ஒரே அமினோ அமிலச் சங்கிலியாக இருந்துகொண்டே, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வேலைகளைச் செய்யும் புரதத்தையே அவ்வாறு அழைக்கிறோம். செல்லுக்குள் சர்க்கரையைச் சிதைக்கும் ஒரு நொதி, செல்லின் வெளிப்பரப்புக்கு வந்ததும் ஒட்டுவதற்கான பிடிப்பாகச் செயல்படுவது இதற்கு எடுத்துக்காட்டு. அமெரிக்க உயிர்வேதியியலாளர் கான்ஸ்டன்ஸ் ஜெஃப்ரி 1999-இல் இத்தகைய புரதங்களைத் தனி வகையாக எடுத்துக்காட்டி எழுதிய பிறகு இத்துறை வேகம் பெற்றது. ஆனால் கருத்து அதற்கும் முந்தையது. பறவைகள், முதலைகள் ஆகியவற்றின் கண்வில்லையில் நிறைந்திருக்கும் ஒரு கட்டமைப்புப் புரதம் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் சாதாரண நொதியே என்பது 1987-இல் வெளியாகியிருந்தது. 1992-இல், தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் மேற்பரப்பில், சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் கிளைக்காலிசிஸ் பாதையைச் சேர்ந்த ஜி.ஏ.பி.டி.எச். நொதி மனிதப் புரதங்களைப் பற்றிக்கொண்டு நிற்பது காட்டப்பட்டது. ஒட்டுண்ணி ஆய்வாளர்கள் தங்கள் உயிரிகளிலும் இதைத் தேடத் தொடங்கியது அதன் தொடர்ச்சிதான்.

இரண்டு வேலை செய்யும் புரதங்கள் எல்லாமே இவ்வகைதானா?

இல்லை. தனித்தனியாக இருந்த இரண்டு மரபணுக்கள் பரிணாமத்தின் போக்கில் ஒட்டிக்கொண்டால், ஒரே சங்கிலியில் இரண்டு நொதிகள் கோர்த்த நீளமான புரதம் ஒன்று கிடைக்கும். ஜியார்டியாவில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் அதற்கு அடுத்த படிநிலைக்குரிய நொதியுடன் இவ்வாறு இணைந்தே காணப்படுகிறது. அமீபாவிலும் ஜியார்டியாவிலும் உள்ள ஓர் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸும் அதே அமைப்பு உடையது. அதன் ஒரு பகுதி ஆல்டிஹைடின்மீதும் மற்றொரு பகுதி ஆல்கஹாலின்மீதும் வேலை செய்கிறது. இவை இணைவுப் புரதங்கள். இரு வேலைகளுக்கும் இரு வேறு பகுதிகள் இருப்பதால் இவற்றில் வியப்பு குறைவு. கண்டிப்பான பொருளில் பல்பணிப் புரதம் என்பது அத்தகைய ஒட்டு இல்லாமலே இரட்டை வேலை பார்ப்பது. இப்பக்கத்தில் பெரும்பாலும் அவையே பேசப்படுகின்றன. சில இடங்களில் மட்டும், ஒட்டுண்ணியின் பிழைப்பை விளங்கிக்கொள்ள உதவும் என்பதால், பல வேலை செய்யும் பிற புரதங்களும் இடம்பெறுகின்றன.

குடலில் வாழ்வது ஒட்டுண்ணிக்கு எளிதல்லவா? உணவு தாராளமாகக் கிடைக்குமே?

உணவு கிடைக்கிறது என்பது உண்மை. மற்றவை எல்லாம் பாதகமானவை. சிறுகுடலின் மேற்பகுதியில் பித்த உப்புகளும் செரிமான நொதிகளும் இடைவிடாமல் பாய்கின்றன. குடலின் அசைவு எல்லாவற்றையும் கீழ்நோக்கித் தள்ளுகிறது. குடலுறைச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால், ஒட்டியிருக்கும் இடமே நிலையற்றது. கோழைப் படலம், நைட்ரிக் ஆக்சைடு, எதிர்ப்பொருள்கள், இரத்தத்திலிருந்து கசிந்து கிருமிகளைத் தாக்கும் நிரப்புப் புரதங்கள் ஆகியவை எதிர்த்து நிற்கின்றன. ஆக்சிஜனின் அளவும் குளுக்கோஸின் அளவும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இத்தனையையும் ஒரே செல்லாலான ஓர் உயிரி தன்னிடமுள்ள புரதங்களைக் கொண்டே சமாளிக்க வேண்டும்.

ஜியார்டியாவின் ஆர்ஜினின் டீஇமினேஸ் ஏன் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது?

இத்துறையில் உள்ள எடுத்துக்காட்டுகளில் அதுவே மிகத் தெளிவானது என்பது என் கருத்து. ஜியார்டியாவை முதலில் கண்டவர் டச்சு நாட்டின் ஆண்டனி வான் லீவன்ஹூக். 1681-இல் தமக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது தம் மலத்தையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, நீந்தும் சிற்றுயிர்களை விவரித்தார். அந்த உயிரிக்கு இயல்பான மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதன் எச்சமான மைட்டோசோம் மட்டுமே உண்டு, அது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை உற்பத்தி செய்வதில்லை. எனவே ஆற்றலுக்குக் கிளைக்காலிசிஸையும், மனித செல்களில் இல்லாத வேறொரு பாதையையும் ஜியார்டியா நம்பியிருக்கிறது. அந்தப் பாதையில் ஆர்ஜினின் டீஇமினேஸ், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைச் சிட்ருலினாகவும் அம்மோனியாவாகவும் மாற்றுகிறது. அடுத்து வரும் இரண்டு நொதிகள் அதிலிருந்து ஒரு ஏ.டி.பி. மூலக்கூறைப் பெற்றுத்தருகின்றன. இதுவரை இது வெறும் சமையலறை வேலை.

ஒட்டுண்ணி குடல் செல்லைத் தொட்டதும் நிலைமை மாறுகிறது. ஆய்வகத்தில் மனிதக் குடல் செல்களுடன் ஜியார்டியாவைச் சேர்த்து வளர்த்தபோது, ஆர்ஜினின் டீஇமினேஸ், ஆர்னித்தின் கார்பமைல் டிரான்ஸ்பெரேஸ், எனோலேஸ் ஆகிய மூன்று உள்நொதிகளையும் அது வெளியே விடுவது கண்டறியப்பட்டது. வெளியே வந்த ஆர்ஜினின் டீஇமினேஸ் அங்கேயும் அதே வேதிவினையைத்தான் செய்கிறது. ஆனால் விளைவு முற்றிலும் வேறாகிறது. குடலுறைச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்க ஆர்ஜினினே மூலப்பொருள். அந்த வாயு ஜியார்டியாவின் பெருக்கத்தைத் தடுக்கக்கூடியது. சுற்றிலும் ஆர்ஜினின் தீர்ந்துபோனால் விருந்தோம்பியின் (ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரின்) செல்களிடம் நொதி இருந்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதில்லை. அதோடு, குடலுறைச் செல்களின் பெருக்கம் தளர்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் பெருகுவதும் குறைகிறது. டென்ட்ரைட்டிக் செல்கள் என்னும் மற்றொரு வகை எதிர்ப்புச் செல்களின் நடத்தையும் மாறுகிறது. ஆற்றலுக்காக உண்ணப்படும் ஒரு பொருளே எதிரியின் ஆயுதத்துக்கும் மூலப்பொருளாக அமைந்ததால், உண்பதே தற்காப்பாகிவிட்டது.

அதே நொதிக்கு ஒட்டுண்ணியின் உள்ளேயும் வேறு வேலை உண்டா?

உண்டு என்று அர்ஜென்டினா ஆய்வாளர்கள் 2008-இல் தெரிவித்தனர். ஜியார்டியாவின் மேற்பரப்பை மூடியிருப்பவை மாறும் மேற்பரப்புப் புரதங்கள். இவற்றுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ இருநூறு இருந்தும், ஒரு நேரத்தில் ஒரு செல் பொதுவாக ஒன்றை மட்டுமே அணிகிறது. எதிர்ப்பொருள்கள் அடையாளம் கண்டுகொள்ளும் வேளையில் வேறொன்றுக்கு மாறிவிடுகிறது. இப்புரதங்கள் அனைத்தின் வால் முனையிலும் ஐந்து அமினோ அமிலங்கள் ஒரே மாதிரி அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று ஆர்ஜினின். ஆர்ஜினின் டீஇமினேஸ் அந்த ஆர்ஜினினையும் சிட்ருலினாக மாற்றுவதாகவும், அது மேற்பரப்பு மாற்றத்தைப் பாதிப்பதாகவும் அவர்கள் கண்டனர். மேலும், ஒட்டுண்ணி தடித்த உறையுள்ள சிஸ்ட் நிலைக்கு மாறும்போது இதே நொதி உட்கருவுக்குள் செல்வதும், சிஸ்ட் உருவாக்கத்தின் கட்டுப்பாட்டில் பங்கேற்பதும் பதிவாகியுள்ளன. உணவு, தற்காப்பு, மாறுவேடம், உறைநிலைக்குச் செல்லும் நேரம் ஆகிய நான்கையும் ஒரே புரதம் தொடுகிறது.

எந்த ஒட்டுண்ணியைப் பற்றிப் படித்தாலும் எனோலேஸ் என்ற பெயர் வருகிறதே, ஏன்?

எனோலேஸ், கிளைக்காலிசிஸின் ஒன்பதாம் படியில் 2-பாஸ்போகிளிசரேட்டைப் பாஸ்போஈனால்பைருவேட்டாக மாற்றும் நொதி. ஏறக்குறைய எல்லா உயிர்களிலும் உள்ளது. செல்லில் அளவிலும் மிகுதி. செல்லுக்கு வெளியே வரும்போது அதன் மேற்பரப்பிலுள்ள லைசின்கள் பிளாஸ்மினோஜென் என்னும் மனித இரத்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. பிளாஸ்மினோஜென் முடுக்கப்பட்டால் பிளாஸ்மின் ஆகும். பிளாஸ்மின் இரத்த உறைவையும் திசுக்களின் இணைப்புப் பொருளையும் கரைக்கும். இவ்வாறு, தானே ஒரு கரைப்பு நொதியைத் தயாரிக்காமல், விருந்தோம்பியின் நொதியையே தன் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள ஒட்டுண்ணிக்கு வழி கிடைக்கிறது. கல்லீரல் தட்டைப்புழுவான ஃபாசியோலா, குடலில் வாழும் எக்கினோஸ்டோமா தட்டைப்புழு, ஜியார்டியா ஆகியவற்றின் எனோலேஸ்கள் பிளாஸ்மினோஜெனைப் பற்றுவது ஆய்வகச் சோதனைகளில் காட்டப்பட்டுள்ளது.

கிளைக்காலிசிஸ் நொதிகளே இப்படி மீண்டும் மீண்டும் தோன்றுவதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. ஒரு நொதியின் வினைமையம் அதன் பரப்பில் மிகச் சிறிய பகுதி. மீதிப் பரப்பு, புரதத்தின் மடிப்பு கெடாத வரை, தற்செயலான மாற்றங்களுக்கு இடம் தரும். பல கோடி ஆண்டுகளாக, பெரும் எண்ணிக்கையில், எல்லாச் செல்களிலும் இருந்துவரும் ஒரு புரதத்தின் அந்தப் பரப்பில் எப்போதேனும் ஒரு புதிய பிடிப்பு உருவாக வாய்ப்பு அதிகம்; அது பயன்பட்டால் இயற்கைத் தேர்வு அதைத் தக்கவைக்கும்.

அமீபாவில் எனோலேஸ் உட்கருவுக்குள் போகிறது என்கிறார்களே?

ஆம். என்டமீபா ஹிஸ்டாலிட்டிகா, சீதபேதிக்கும் கல்லீரல் சீழ்க்கட்டிக்கும் காரணமான அமீபா. 1875-இல் ஃபியோதர் லோஷ் என்ற ரஷ்ய மருத்துவர் நோயாளி ஒருவரின் மலத்தில் இதை விவரித்தார். இதனிடம் டி.என்.எம்.டி.2 என்னும் நொதி உள்ளது. அஸ்பார்டிக் அமிலத்தைச் சுமக்கும் டிரான்ஸ்பர் ஆர்.என்.ஏ. மீது மெத்தில் தொகுதியைச் சேர்ப்பது அதன் பணி. இஸ்ரேலிய ஆய்வுக்குழு ஒன்று 2010-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எனோலேஸ் இந்த நொதியோடு இணைந்து அதன் செயலை முடக்குகிறது. குளுக்கோஸ் கிடைக்காத நிலையில் எனோலேஸ் உட்கருவில் சேர்கிறது; அப்போது அந்த ஆர்.என்.ஏ.யின் மெத்திலேற்றம் குறைகிறது. எனோலேஸின் வழக்கமான வினைப்பொருளான 2-பாஸ்போகிளிசரேட் நிறைய இருந்தால் இந்த முடக்கம் தளர்கிறது.

இதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. சர்க்கரை தாராளமாக இருக்கும்போது நொதி தன் வேலையில் ஈடுபட்டிருக்கிறது. சர்க்கரை தீரும்போது, வேலையற்ற அதே நொதி கட்டுப்பாட்டு மூலக்கூறாக மாறுகிறது. உணவு இருப்பை அறிவிக்கத் தனி உணர்வியோ சமிக்ஞைப் புரதமோ இங்கே தேவைப்படவில்லை.

அமீபாவிடம் வேறு பல்பணிப் புரதங்கள் உள்ளனவா?

கேலக்டோஸ் என்ற சர்க்கரையைப் பற்றும் அதன் புரதமான லெக்டினைக் குறிப்பிட வேண்டும். உட்செல் நொதி ஒன்று வெளியே வந்த கதை அல்ல இது. முதலிலிருந்தே மேற்பரப்பில் இருப்பது. பெருங்குடலின் கோழைப் புரதத்தையும், பிறகு குடல் செல்களையும் பற்றிக்கொள்ள உதவுவது இதன் முதல் பணி. தொட்ட செல்லைக் கொல்வதற்கு இந்தப் பிடிப்பு இன்றியமையாதது. 1992-இல் வெளியான ஆய்வில், இதே லெக்டின் மனித செல்களிலுள்ள சி.டி.59 என்னும் காப்புப் புரதத்தோடு ஒப்புமை உடையது என்றும், நிரப்புப் புரதங்கள் சேர்ந்து சவ்வில் துளையிடுவதைத் தடுக்கிறது என்றும் காட்டப்பட்டது. அமீபா குடற்சுவரைத் துளைத்து இரத்த ஓட்டத்தை அடையும்போதுதான் நிரப்புப் புரதங்களை முழு வலிமையோடு எதிர்கொள்கிறது என்பதால், ஒட்டும் கருவியே கேடயமாகவும் இருப்பது அதற்குப் பெரிய வசதி.

புழுக்களிலும் இது உண்டா? அவை பெரிய உயிரிகள் ஆயிற்றே?

உண்டு, புழுக்களின் எடுத்துக்காட்டுகள் சிலவேளை ஒருசெல் உயிரிகளினுடையவற்றை விஞ்சுகின்றன. பாராமயோசின் முதுகெலும்பற்ற விலங்குகளின் தசையில் உள்ள நீண்ட கட்டமைப்புப் புரதம், மனிதரிடம் கிடையாது. பன்றி நாடாப்புழுவான டீனியா சோலியத்தின் இளம்பருவம் இதை வெளியே விடுவதும், அது நிரப்புப் புரத வரிசையின் முதல் உறுப்பான சி1-ஐத் தடுப்பதும் 1992-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டன. முதிர்ந்த புழு மனிதச் சிறுகுடலில் வாழ்கிறது. இளம்பருவமோ தசையிலும் மூளையிலும் தங்கி வலிப்பு நோய்க்குக் காரணமாகிறது.

கால்ரெட்டிகுலின் என்னும் புரதம், செல்லின் உள்ளிருக்கும் எண்டோபிளாச வலைக்குள் கால்சியத்தைப் பிடித்துவைத்து, மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவுவது. மனிதக் கொக்கிப்புழுவான நெகேட்டர் அமெரிக்கானஸின் கால்ரெட்டிகுலின், நிரப்புத் தொகுதியில் சி1-இன் ஒரு பகுதியான சி1க்யூ மூலக்கூறைப் பற்றுகிறது. செம்மறி ஆடுகளின் இரைப்பையில் இரத்தம் குடித்து வாழும் ஹீமாங்கஸ் புழுவைப் பற்றி இந்தியாவில், இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள், அப்புழுவின் கால்ரெட்டிகுலின் சி1க்யூ-வையும், ஜி.ஏ.பி.டி.எச். மற்றொரு நிரப்புப் புரதமான சி3-ஐயும் பற்றுவதைக் காட்டின. இரத்தம் குடிக்கும் புழுவின் வயிற்றுக்குள் விருந்தோம்பியின் நிரப்புப் புரதங்களும் சேர்ந்தே செல்கின்றன என்பதை எண்ணிப்பார்த்தால், உள்ளிருந்தே அவற்றை முடக்க வேண்டிய தேவை விளங்கும்.

சாட்டைப்புழுவின் கதை இவற்றிலிருந்து வேறுபட்டது. எலிகளைத் தாக்கும் டிரைக்கூரிஸ் மூரிஸ் மிகுதியாகச் சுரக்கும் பி43 என்னும் புரதம், இன்டர்லூக்கின்-13 என்ற சமிக்ஞைப் புரதத்தைப் பற்றி முடக்குகிறது. குடலுறைச் செல்களை விரைவாகப் புதுப்பித்து, கோழையைப் பெருக்கிப் புழுவை வெளியேற்றும்படி தூண்டுவது அந்தச் சமிக்ஞையே. அதே பி43, திசுக்களின் இணைப்புப் பொருளிலுள்ள, சர்க்கரைச் சங்கிலிகள் கோர்த்த புரதங்களான புரோட்டியோகிளைக்கான்களையும் பற்றிக்கொள்வதால் குடல் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் புழு புதைந்திருக்கும் இடத்தைச் சுற்றியே தங்க முடிகிறது.

வெளியேறுவதற்குரிய முகவரிக் குறியீடு இல்லாத நொதிகள் எப்படி வெளியே வருகின்றன?

சுரக்கப்பட வேண்டிய புரதங்களின் முன்முனையில் வழக்கமாக ஒரு சமிக்ஞைத் தொடர் இருக்கும், எனோலேஸுக்கும் ஜி.ஏ.பி.டி.எச்.சுக்கும் அது கிடையாது. நீண்ட காலம் புதிராக இருந்த இதற்கு ஒரு பகுதி விடை 2012-இல் கிடைத்தது. எக்கினோஸ்டோமா, ஃபாசியோலா தட்டைப்புழுக்கள் சவ்வால் சூழப்பட்ட நுண்பைகளை வெளியிடுவதையும், சமிக்ஞைத் தொடர் இல்லாத புரதங்கள் பல அவற்றுக்குள் இருப்பதையும், விருந்தோம்பியின் குடல் செல்கள் அந்தப் பைகளை உள்வாங்குவதையும் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டனர். எல்லாப் புரதங்களும் இவ்வழியாகவே வெளியேறுகின்றன என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

மரபணுக்கள் குறைவாக இருப்பதால்தான் ஒட்டுண்ணிகள் இப்படிச் சிக்கனம் பிடிக்கின்றனவா?

கேட்பதற்கு மிகப் பொருத்தமான விளக்கம். அதனாலேயே ஐயத்தோடு அணுக வேண்டியது. 2007-இல் வெளியான ஜியார்டியாவின் மரபணுத்தொகுதி சுமார் 1.17 கோடி டி.என்.ஏ. கார இணைகளும், புரதத்துக்குக் குறியீடாகக்கூடிய 6,470 மரபணுச் சட்டகங்களும் கொண்டது. விருந்தோம்பியிடமிருந்து பெறக்கூடியவற்றைத் தயாரிக்கும் பாதைகள் பல அதில் இல்லை. ஆனால் சுமார் 20,000 புரத மரபணுக்கள் கொண்ட மனிதரிடமும் பல்பணிப் புரதங்கள் நிறைய உள்ளன. மேலும், அதே ஜியார்டியா மேற்பரப்புப் புரதங்களுக்கு மட்டும் ஏறத்தாழ இருநூறு மரபணுக்களை வைத்திருக்கிறது. சிக்கனமே நோக்கம் என்றால் இது பொருந்தாது. சிறிய மரபணுத்தொகுதி இரட்டை வேலைக்கு உந்துதலாக இருந்திருக்கலாம். அதுவே காரணம் என்று சொல்லச் சான்று போதாது.

இக்கண்டுபிடிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

இக்கேள்வி கேட்கப்பட வேண்டிய அளவுக்குக் கேட்கப்படுவதில்லை. ஒரு கட்டுரை, ‘இந்த நொதி மேற்பரப்பில் உள்ளது, அது இன்ன மனிதப் புரதத்தைப் பற்றுகிறது, எனவே இது பல்பணிப் புரதம்’ என்று கூறினால், மூன்று ஐயங்கள் எழ வேண்டும். முதலாவது, வளர்ப்பு ஊடகத்தில் சில செல்கள் எப்போதும் இறந்து உடைகின்றன. செல்லில் மிகுதியாக உள்ள நொதிகளே முதலில் கசிந்து மற்றச் செல்களின்மீது ஒட்டும். மிகுதியாக உள்ளவை கிளைக்காலிசிஸ் நொதிகளே என்பதால், அவை எங்கும் தென்படுவதில் ஒரு பகுதி வெறும் கசிவாகவும் இருக்கலாம். இரண்டாவது, சோதனைக்குழாயில் நடக்கும் பற்றுதல் குடலில் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. லைசின் மிகுந்த பல புரதங்கள் பிளாஸ்மினோஜெனைப் பற்றும். மூன்றாவது, ஒரு வேலையைக் கெடுத்து மற்றதை அப்படியே விட்டுவைக்கும் மரபணு மாற்றத்தைச் செய்து பார்க்காமல் இரண்டாம் வேலையின் முக்கியத்துவத்தை நிறுவ முடியாது.

இந்த மூன்றாம் சோதனை ஜியார்டியாவில் கடினம். அதற்கு இரண்டு உட்கருக்கள். ஒவ்வொன்றிலும் மரபணுக்களின் இரு பிரதிகள். ஆக நான்கையும் மாற்ற வேண்டும். அதோடு, ஆற்றல் தரும் நொதியை நீக்கினால் ஒட்டுண்ணியே இறந்துவிடலாம். அப்போது அது இரண்டாம் வேலை இல்லாமல் இறந்ததா, பட்டினியால் இறந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. அமீபாவின் எனோலேஸை உட்கருவுக்கே அனுப்பும் குறியீட்டோடு தயாரித்து, விளைவு மீண்டும் தோன்றுகிறதா என்று பார்த்த சோதனை இதனாலேயே மதிப்புடையது. பட்டியல்களில் இடம்பெறும் பல புரதங்களுக்கு இந்த அளவு சான்று இல்லை.

இவற்றைக் குறிவைத்து மருந்து தயாரிக்க முடியுமா?

ஒரே அடியில் இரண்டு வேலைகளையும் நிறுத்தலாம் என்ற நம்பிக்கை கவர்ச்சியானது. ஆனால் வினைமையத்தை அடைக்கும் மருந்து, புரதத்தின் வேறு பகுதியால் நடக்கும் இரண்டாம் வேலையைத் தொடாமலே விட்டுவிடலாம். எனோலேஸ் போன்றவற்றில், மனிதரின் நொதியும் ஒத்த அமைப்புடையது என்பதால் ஒட்டுண்ணியின் நொதியை மட்டும் தாக்குவது கடினம்.

மனிதரிடம் இல்லாத பாதைகளில் வாய்ப்பு அதிகம். ஜியார்டியாவின் ஆர்ஜினின் பாதையில் மூன்றாவதாக வரும் கார்பமேட் கைனேஸை, குடிப்பழக்கத்தைக் கைவிடச் செய்வதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் டைசல்பிராம் செயலிழக்கச் செய்கிறது என்பது கண்டறியப்பட்டு, தொற்று ஏற்பட்ட எலிகளில் அது பயன் தருவதும் காணப்பட்டது. முடக்குவாதத்துக்குத் தரப்பட்ட தங்கச் சேர்மமான ஆரனோஃபின், அமீபாவின் தயோரெடாக்சின் ரிடக்டேஸைத் தடுப்பதாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுவையான செய்தி என்னவென்றால், வழக்கமான மருந்தான மெட்ரோனிடசோலைச் செயலூக்கம் பெறச் செய்வதிலும் அதே ரிடக்டேஸுக்குப் பங்கு உண்டு என்பது 2007-இல் கண்டறியப்பட்டிருந்தது. அதாவது ஆக்சிஜனின் தாக்கத்திலிருந்து அமீபாவைக் காக்கும் நொதியே, அதைக் கொல்லும் மருந்துக்கும் கதவைத் திறக்கிறது.

பள்ளிகளில் தரப்படும் குடற்புழு மாத்திரை இப்புரதங்களைத் தாக்குகிறதா?

இல்லை. தேசியக் குடற்புழு நீக்க நாளில் வழங்கப்படும் அல்பெண்டசோல், புழுவின் பீட்டா-டியூபுலினைப் பற்றி அதன் செல் சட்டகத்தைக் குலைக்கிறது.

தடுப்பூசிக்கு இவை பயன்படுமா?

இங்கே தேர்வுதான் சிக்கல். எனோலேஸைக் கொண்டு எதிர்ப்பொருளைத் தூண்டினால், மனிதரின் சொந்த எனோலேஸையும் அது தாக்கக்கூடும் என்ற அச்சம் உண்டு. ஆகவே ஒட்டுண்ணிக்கே உரிய சிறு பகுதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பாராமயோசின் மனிதரிடம் இல்லாததால் அது நீண்ட காலமாகத் தடுப்பூசி வேட்பாளராகப் பேசப்பட்டுவருகிறது. நத்தைக் காய்ச்சலுக்குக் காரணமான ஸ்கிஸ்டோசோமா புழுவைப் பற்றிய ஆய்வுகளிலும் அது முன்னிலையில் இருந்தது. உள்ளுறுப்பான தசைப் புரதம் என்று மட்டும் கருதியிருந்தால் அதைத் தடுப்பூசிக்கு எவரும் எடுத்திருக்க மாட்டார்கள்; எதிர்ப்பொருளின் கைக்கு எட்டும் இடத்தில், புழுவின் மேற்பரப்பிலும் அது இருக்கிறது என்பது தெரிந்த பிறகே அந்த வாய்ப்பு கருதத்தக்கதாயிற்று. மனிதக் குடல் ஒட்டுண்ணிகளுக்கு எதிராகப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தடுப்பூசி இன்றுவரை எதுவும் இல்லை.